லாரி ஓட்டுநருக்கு உங்கள் சைக்கிள் தெரியுமா?

நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிற ஊர் மோகனூர். 'நாமக்கல் கவிஞர்' என்று நாம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, வெ.ராமலிங்கம் பிள்ளை... அவர் 1888-இல் பிறந்தது இந்த ஊரில்தான். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான்!

அரவை நடக்கும் மாதங்களில் மோகனூர் ரோட்டைப் பார்க்க வேண்டுமே! கரும்பு லோடு ஏற்றிய லாரி, டிராக்டர், மாட்டு வண்டி என வரிசை கட்டி ஆலைக்குப் போகும். இன்னொரு பக்கம் நாமக்கல்லில் இருந்து முட்டை லாரி, கோழித் தீவன லாரி, கேஸ் டேங்கர்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி வாங்கல், கரூர் போகிற பஸ்கள். இத்தனைக்கும் நடுவில், ரோட்டின் இடது ஓரத்தில், முதுகில் புத்தகப் பையோடு பெடல் மிதித்துக்கொண்டு போகிறவர்கள் யார் தெரியுமா? நீங்கள்தான்!

ஒரு சைக்கிளின் எடை 20 கிலோ இருக்கும். நீங்களும் பையும் சேர்ந்தால் 60 கிலோ. லோடு ஏற்றிய 10 சக்கர லாரியின் எடையோ 28 டன் வரை போகலாம். அதாவது, 28 ஆயிரம் கிலோ! இந்த இரண்டும் ஒரே ரோட்டில், ஒன்றை ஒன்று உரசாமல் போக வேண்டும். அது எப்படி முடியும்? யார் யாருக்கு என்ன பொறுப்பு? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

சைக்கிள் நாடு, நம்ம நாடு!

தமிழ்நாட்டுக்கும் சைக்கிளுக்கும் பெரிய உறவு உண்டு. 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தறிவோடு சேர்த்து, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். வயலில் வேலை செய்த பெண்கள், கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், பாட்டிகள் என ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்சுக்குக் காத்திருக்காமல், யாரையும் கேட்காமல், நினைத்த இடத்துக்குப் போனார்கள்.

பிறகு, பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-இல் வந்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவிகளுக்கு மட்டும். 2005-06 கல்வி ஆண்டில் இருந்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் மற்ற மாணவ, மாணவியருக்கும் கிடைத்தது. ஆண்டுதோறும் பல லட்சம் புது சைக்கிள்கள் நம் ரோடுகளுக்கு வருகின்றன.

உங்கள் வீட்டு அக்காவோ, அண்ணனோ அந்த சைக்கிளில் போயிருப்பார்கள். அதே சைக்கிளில் தம்பி, தங்கைகள் குரங்கு பெடல் போட்டுப் பழகியும் இருப்பீர்கள். ஆனால், சைக்கிள் கிடைத்த அளவுக்கு, சைக்கிளுக்கென்று தனி வழி நம் ரோடுகளில் கிடைக்கவில்லை. லாரி போகிற ரோட்டில்தான் சைக்கிளும் போக வேண்டும்.

முதலில் மோதியது எதன் மீது?

அமெரிக்காவில் கார் ஓட ஆரம்பித்த புதிது. 1896, மே 30-ஆம் தேதி. நியூயார்க் நகரில் ஹென்றி வெல்ஸ் என்பவர் டூரியா என்ற மோட்டார் வண்டியை ஓட்டிப் போனார். அது ஈவ்லின் தாமஸ் என்ற பெண்ணின் மீது மோதியது. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டி ஓட்டியவர் அன்று இரவு ஜெயிலில் இருந்தார். அந்த நாட்டில் பதிவான முதல் கார் விபத்து என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் எதில் போய்க் கொண்டிருந்தார் தெரியுமா? சைக்கிளில்!

அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ விபத்துகள். நம் இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் சைக்கிளில் சென்றவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். மற்றவர்களைக் காயப்படுத்தும் பலம் சைக்கிளுக்கு ரொம்பக் குறைவு. ஆனால், காயப்படுவது அதிகம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்... இது நியாயமா?

கண்ணாடி இருந்தும் தெரியாத இடம்!

'அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து இருக்கிறாரே, லாரி ஓட்டுநருக்கு எல்லாம் தெரியுமே' என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. உயரத்தில் உட்காருவதால்தான் அருகில் இருப்பது தெரியாது! மாடியின் நடுவில் நின்றுகொண்டு, கீழே சுவரை ஒட்டி நிற்கும் தம்பியைப் பார்க்க முடியுமா? அதே கதைதான்.

லாரியைச் சுற்றி நாலு இடங்களில் ஓட்டுநருக்குப் பார்வை எட்டாது.

* முன்னால்: பம்பரை ஒட்டி நிற்கும் சிறுவனின் தலை கூடத் தெரியாது.

* பின்னால்: லோடு மறைப்பதால், லாரியை ஒட்டிப் பின்னால் வருபவர் தெரியவே மாட்டார். உங்களுக்கு ஓட்டுநரின் கண்ணாடி தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை என்று அர்த்தம்.

* வலது பக்கம்: கதவை ஒட்டிய பகுதி.

* இடது பக்கம்: இதுதான் ரொம்ப ஆபத்து! நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலது பக்கம். அதனால், இடது பக்கம் அவருக்குத் தெரியாத இடம் அதிகம். சைக்கிள் போவதும் அதே இடது பக்கம்தான்.

கரும்பு லோடு டிராக்டரில் இன்னொரு சங்கடம். கரும்பு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். டிராக்டர் தள்ளிப் போவது போல் இருக்கும். கரும்பு நம் தோளைத் தட்டிவிடும். இருட்டில், பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாத டிரெய்லர் நின்று கொண்டிருந்தால், கிட்டே போகும் வரை தெரியாது.

செய்து பார்க்கலாமா?

லாரி திரும்பும்போது, முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் சைக்கிளே போதும்!

வண்டி வராத வாசலிலோ, பள்ளி மைதானத்திலோ கொஞ்சம் தண்ணீரைக் கொட்டுங்கள். இரண்டு டயரும் நனையும்படி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒரு வளைவு திரும்புங்கள். இப்போது தரையைப் பாருங்கள். இரண்டு கோடுகள் தெரியும். பின் சக்கரத்தின் கோடு, வளைவின் உள்பக்கமாகப் போயிருக்கும்!

சைக்கிளிலேயே இப்படி என்றால், அத்தனை நீளமான லாரியில் எப்படி இருக்கும்? முன் சக்கரம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்று நிம்மதியாக நிற்பீர்கள். பின் சக்கரம் நீங்கள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும். அதனால்தான், இடது பக்கம் திரும்பப் போகிற லாரி, பஸ்சுக்கு இடது புறம் இருக்கிற சந்தில் ஒருபோதும் சைக்கிளை நுழைக்கக் கூடாது. அது முன்னாலேயே போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதாவது, நாம் பின்தங்க வேண்டும்.

லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், பக்கவாட்டில் இரும்புக் கம்பித் தடுப்பு இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிளிலோ, பைக்கிலோ வருபவர் தவறி விழுந்தால், அடியில் போய் பின் சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது! லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் நாமக்கல். நாட்டின் பல மாநிலங்களில் ஓடும் லாரிகள் இங்கே பாடி கட்டியவை. அந்தத் தடுப்பை வெல்டிங் வைக்கிற ஒவ்வொருவரும், முகம் தெரியாத ஒரு சைக்கிள்காரரின் உயிரைக் காப்பாற்றுகிறார்.

ஒரு கணக்கு போடுவோம்!

கணக்கு என்றதும் ஓடாதீர்கள். சுலபமான கணக்குதான்.

ரோட்டில் திடீரென ஒரு சைக்கிள் குறுக்கே வருகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே சுமார் 1 நொடி ஆகும். அந்த 1 நொடியும் லாரி அதே வேகத்தில் ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால், 1 நொடியில் 8 மீட்டர் போய்விடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 7 மீட்டர். மொத்தம் 15 மீட்டர்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் என்றால், 1 நொடியில் 17 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க 28 மீட்டர். மொத்தம் 45 மீட்டர்!

இது நல்ல பிரேக், காய்ந்த தார் ரோட்டுக்கான கணக்கு. மழை பெய்தால், டயர் தேய்ந்திருந்தால் இன்னும் கூடும். ஒன்றை கவனித்தீர்களா? வேகம் இரண்டு மடங்குதான் ஆனது. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ, 7-இல் இருந்து 28... நாலு மடங்கு! மோதும்போது விழுகிற அடியும் அப்படித்தான் கூடும். 'டக்'கென்று பிரேக் போட்டால் லாரி நின்றுவிடும் என்று நம்பி குறுக்கே போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

அதனால்தான் 2020, பிப்ரவரியில் ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போகிற இடங்களில் வண்டிகளின் வேகம் மணிக்கு 30 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது என்று சொன்னது.

பெரிய வண்டிக்குப் பெரிய பொறுப்பு!

வீட்டில் அண்ணனும் தம்பியும் சண்டை போட்டால், அம்மா யாரை முதலில் அதட்டுவார்? 'நீதானே பெரியவன்' என்று அண்ணனைத்தான்! ரோட்டிலும் அந்த நியாயம்தான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2022, ஜனவரியில் சாலை விதிகளைத் திருத்தினார்கள். யாருடைய வண்டி மற்றவருக்கு அதிக ஆபத்தை உண்டாக்குமோ, அவருக்கே அதிகப் பொறுப்பு என்று அதில் எழுதினார்கள். அதன்படி லாரி, பஸ், கார், பைக், சைக்கிள் என பொறுப்பு படிப்படியாகக் குறையும். சைக்கிளைத் தாண்டிப் போகும் கார், குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒன்றரை மீட்டர் என்பது, நீங்கள் இரண்டு கைகளையும் விரித்து நின்றால் வருகிற அகலம்.

நம் நாட்டிலும் விதி உண்டு. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறை விதிகள், நடந்து செல்பவர்கள், சைக்கிளில் செல்பவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் மீது ஓட்டுநர்கள் தனிக் கவனம் வைக்க வேண்டும் என்கின்றன. விபத்து நடந்தால் ஓடிப் போகாமல், அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

இதற்காக லாரி ஓட்டுநர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நினைத்து விடாதீர்கள். உங்களில் பலருடைய அப்பா, மாமா, சித்தப்பாவே லாரி ஓட்டுபவர்களாக இருக்கலாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி, 'சீக்கிரம் லோடு வரணும்' என்ற அவசரத்தில் வருகிறார்கள். அவர்களுக்குப் போதுமான தூக்கம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது லாரி உரிமையாளரின் பொறுப்பு. பள்ளிக்கூடம் பக்கத்தில் ரோட்டைச் சரியாக அமைத்து, ஓரத்தில் மணல் சேராமல் பார்த்துக்கொள்வது அரசுத் துறைகளின் பொறுப்பு. இப்படி எல்லாருக்கும் பங்கு இருக்கிறது.

குழந்தைகள் மாற்றிய நாடு!

இன்று 'சைக்கிள் நாடு' என்று பெயர் வாங்கியிருக்கும் நெதர்லாந்து, ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. 1971-ஆம் ஆண்டு, அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அப்படித்தான் இறந்தாள். அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. 1972-இல் தன் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. அதே பெயரில் ஒரு இயக்கம் தோன்றியது. பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

பெரியவர்கள் மட்டுமல்ல... ஆம்ஸ்டர்டாம் நகரின் டி பைப் என்ற நெருக்கடியான பகுதியில், பள்ளிச் சிறுவர்களே 'எங்கள் தெருவில் விளையாட இடம் வேண்டும். கார்களை நிறுத்துங்கள்' என்று வீடு வீடாகப் போய் கையெழுத்து வாங்கினார்கள்!

அரசு கேட்டது. சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் கார் வேகத்தைக் குறைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் சைக்கிள் ஓட்டும் தேர்வு வைக்கிறார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தை மீது கார் மோதினால், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் கார்காரருக்குத்தான். இப்போது அங்கே சாலை விபத்துகளில் இறப்பவர்கள் ஆண்டுக்கு சுமார் 700 பேர். இன்னும் குறைய வேண்டும்தான். ஆனால், மூவாயிரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

நம்ம பங்கு என்ன?

ரோட்டில் எல்லாம் மாறும் வரை நாம் காத்திருக்க முடியாதே! நாளை காலையில் பள்ளிக்குப் போக வேண்டுமே! அதனால்...

1. கிளம்பும் முன் சைக்கிளைப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா? பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா? காற்று இருக்கிறதா? பெல் அடிக்கிறதா? துப்பட்டா, பேன்ட் செயினில் மாட்டாமல் செயின் கவர் இருக்கிறதா?

2. பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் கட்டாயம் வேண்டும். வெளிச்சம் பட்டால் அதுதான் உங்களை ஓட்டுநருக்குக் காட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் முன்னால் விளக்கும் வேண்டும். புத்தகப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டினால் இன்னும் நல்லது.

3. இடது பக்கமாகவே போங்கள். எதிர்த் திசையில் போகவே கூடாது. பேசிக்கொண்டு இரண்டு, மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் போகாமல், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

4. திரும்பும் முன் பின்னால் பாருங்கள்; கையை நீட்டிக் காட்டுங்கள்; பிறகு திரும்புங்கள். வலது பக்கம் திரும்பப் பயமாக இருந்தால், ஓரமாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடக்கலாம். அதில் வெட்கமே இல்லை!

5. லாரி, டிராக்டரைப் பிடித்துக்கொண்டு மிதிக்காமல் போவது, பின்னால் தொங்கும் கரும்பை இழுப்பது... இரண்டுமே வேண்டாம். ஒரு கரும்புத் துண்டுக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

6. ஹெல்மெட் போடுங்கள். சைக்கிளுக்கு அது சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும், தலை ஒன்றுதானே இருக்கிறது!

7. நின்றிருக்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள். கதவு திடீரெனத் திறக்கலாம். நீங்கள் காரில் இருந்து இறங்கும்போது, கதவுப் பக்கம் இல்லாத கையால் கதவைத் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்னால் பார்க்கும். நெதர்லாந்தில் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

'சைக்கிள் போர்... அப்பாவின் பைக்கை எடுக்கிறேன்' என்கிறீர்களா? கூடவே கூடாது! கியர் வைத்த பைக் ஓட்ட 18 வயது ஆக வேண்டும். 2019-இல் திருத்திய சட்டப்படி, சிறுவர்கள் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 25 ஆயிரம் ரூபாய். தண்டனை பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு. மூன்று ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. நீங்கள் செய்த தவறுக்கு அப்பா ஜெயிலுக்குப் போகலாமா?

விபத்தைப் பார்த்தால்...

அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடாதீர்கள். அருகில் இருக்கும் பெரியவரிடம் சொல்லி, உடனே 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். 'போலீஸ், கோர்ட்டுன்னு அலையணுமே' என்று சிலர் பயப்படுவார்கள். நல்லெண்ணத்தோடு உதவுபவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இலேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். தமிழக அரசு 2021, டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். இதை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, ஒரு வீட்டுப் பாடம் குட்டீஸ். உங்களுக்குத் தெரிந்த லாரி ஓட்டுநர் அண்ணா யாராவது இருக்கிறாரா? அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு, ஒருவர் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்காருங்கள். மற்ற நண்பர்கள் ஒவ்வொருவராக லாரியைச் சுற்றி நிற்கட்டும். சீட்டில் இருப்பவர் கண்ணுக்கு எத்தனை பேர் தெரிகிறார்கள், எத்தனை பேர் மறைந்து போகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

அந்தக் கோட்டுக்குள் இனி உங்கள் சைக்கிள் போகாது. அந்த ஓட்டுநர் அண்ணாவும், அடுத்த முறை இடது பக்கம் திரும்பும் முன் கண்ணாடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார். என்ன, வர்ற ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்த்துடலாமா?